கிணற்று மேட்டில் நிற்பவரின் பொறுப்பு

பங்குனி, சித்திரையில் கிணற்று நீர் கீழே போய்விடும். தூர் வாரவும் ஆழப்படுத்தவும் ஆட்கள் இறங்கும் காலம் இதுவே. உள்ளே ஒருவர் மயங்கி விழ, தூக்கப் போன அண்ணனும் விழ, அவருக்காக இறங்கிய மூன்றாமவரும் மேலே வராமல் போன செய்தி விவசாய அன்பர்களுக்குப் புதிதல்ல.

இதற்குப் பல சமயம் ஆயில் என்ஜினே காரணம். பம்பு நீரை உறிஞ்சும் உயரம் நடைமுறையில் சுமார் 7 மீட்டர்தான். நீர் அதற்கும் கீழே போனால் என்ஜினையே கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஓட்டுகிறோம். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. இரத்தத்தில் பிராணவாயு ஒட்ட வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது பற்றிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, கால் துவளுதல், பிறகு மயக்கம்.

விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அது அணைந்தால் இறங்கவே கூடாது. உள்ளே பிராணவாயு குறைவு. ஆனால் விளக்கு எரிகிறதே என்று துணிவதும் தவறு. ஆளைக் கொல்லும் அளவுக்கு இந்த நச்சு வாயு இருந்தாலும் விளக்கு எரியும். தழைக்கொத்தை மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்குவதை மட்டும் நம்பவும் முடியாது. என்ஜினைக் கிணற்றுக்குள் ஓட்டாமலிருப்பதே நல்லது. மின் இணைப்பு உள்ளவர்கள் நீர்மூழ்கி மோட்டாரால் இறைக்கலாம். ஆள் இறங்கும்முன் மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும். வெடி போட்ட கிணற்றிலும் புகை முழுதும் விலகும்வரை இறங்கக் கூடாது.

இறங்குபவரின் உயிர் மேலே நிற்பவர் கையில் இருக்கிறது. ‘சும்மா நிற்கிற ஆள்’ என்று இவருக்குக் கூலியைக் குறைப்பவர்களும் உண்டு. அது நியாயமல்ல. மேலே இரண்டு பேராவது வேண்டும். மயங்கிய ஆளை ஒருவரால் தூக்க இயலாது. இறங்குபவரின் இரு கக்கங்களுக்கும் கீழே கயிற்றைச் சுற்றிக் கட்டி, மறுமுனையைக் கப்பி வழியாக மேலே பிடித்திருக்க வேண்டும். வேலைக்கு இடைஞ்சல் என்று உள்ளே போய் அவிழ்த்துவிடுவார்கள். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பதில் குழறினாலும் தாமதித்தாலும் காரணம் கேட்டுக்கொண்டிராமல் உடனே இழுக்க வேண்டும். பீடி வாங்கப் போவதெல்லாம் அவர் மேலே வந்த பிறகுதான்.

கயிறில்லாமல் ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால், கூடப் பிறந்தவரானாலும் பின்னால் இறங்கக் கூடாது. சொல்வது எளிது, நிற்பது கடினம். ஆனாலும் இறங்கத் துடிப்பவரைப் பிடித்து நிறுத்துவதும் கூட வேலை செய்பவரின் கடமையே. உடனே 101-க்குச் சொல்லித் தீயணைப்பு வீரர்களை அழைக்க வேண்டும். சுவாசக் கருவி அணிந்து இறங்க அவர்களால் முடியும். 108 வண்டிக்கும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

மேலே வந்தவர் கண் விழித்துவிட்டார் என்று வீட்டுக்கு அழைத்துப் போகாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். என்ஜின் புகையில் மயங்கியவர் என்று டாக்டரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். இதற்குப் பிராணவாயு கொடுப்பதே முதல் சிகிச்சை.