நெப்போலியன் பெயரில் ஒரு பிடில் மெட்டு: கென்டக்கி கிராமத்திலிருந்து டிவி விளம்பரம் வரை போனது எப்படி?

1990-களில் அமெரிக்க டிவி பார்த்தவர்களுக்கு மாட்டிறைச்சி விளம்பரம் ஒன்று நன்றாக நினைவிருக்கும். பின்னணியில் துள்ளிக் குதிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா இசை. ‘இது யாரோட மியூசிக்?’ என்று கேட்டால், ஆரோன் காப்லாண்ட் என்று பதில் வரும். பதில் தப்பில்லை; ஆனால் பாதிதான் சரி. அந்த இசையின் முக்கிய மெட்டு, கென்டக்கி மாநிலத்தின் மலைப்பகுதியில் பில் ஸ்டெப் என்ற பிடில்காரர் வாசித்தது. கிட்டத்தட்ட ஸ்வரத்துக்கு ஸ்வரம் அப்படியே!

அது என்ன மெட்டு?

பெயர் ‘போனபார்ட்ஸ் ரிட்ரீட்’. ‘போனபார்ட்டின் பின்வாங்கல்’ என்று அர்த்தம். நெப்போலியன் போனபார்ட்டின் படை தோற்றுத் திரும்பியதை நினைவுபடுத்தும் பெயர். யார் போட்ட மெட்டு என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் பல தலைமுறைகளாகக் காதால் கேட்டே கற்றுக்கொண்டு வாசித்தார்கள். பெரும்பாலானோர் இதைப் படை நடப்பதுபோல மெதுவாகத்தான் வாசிப்பார்கள்.

இதற்குத் தனி சுருதி உண்டு. வழக்கமாக வயலினின் நான்கு தந்திகளையும் ஜி, டி, ஏ, இ என்று கூட்டுவார்கள். இந்த மெட்டுக்கு இரண்டு ஓரத் தந்திகளையும் இறக்கி டி, டி, ஏ, டி என்று வைப்பார்கள். ‘டி’யை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால், ஸ-ஸ-ப-ஸ. மெட்டு ஒரு தந்தியில் ஓடும்போது பக்கத்துத் தந்தியும் சேர்ந்து ரீங்கரிக்கும். பேக்பைப் வாத்தியம் கேட்பது போலிருக்கும்.

முதலில் பதிவு செய்தது யார்?

1920-களில் இசைத்தட்டு கம்பெனிகள் தென்மாநிலக் கிராமத்து இசைக்கும் மார்க்கெட் இருப்பதைக் கண்டுகொண்டன. ஜார்ஜியாவைச் சேர்ந்த ஏ.ஏ. கிரே 1924-ல் ஓகே கம்பெனிக்காக இந்த மெட்டை வாசித்தார். 1929-ல் ஸ்கில்லெட் லிக்கர்ஸ் குழு கொலம்பியாவுக்காகப் பதிவு செய்தது. ஆனால், மெட்டின் தலையெழுத்தை மாற்றியது விற்பனைக்கு வந்த இந்தத் தட்டுகள் அல்ல.

1937-ல் என்ன நடந்தது?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரிக்க, 22 வயது ஆலன் லோமாக்ஸ் தன் மனைவி எலிசபெத்துடன் கென்டக்கிக்குப் போனார். அக்டோபரில் சேலியர்ஸ்வில் ஊரில் ஸ்டெப்பைச் சந்தித்தார்கள். ஸ்டெப்புக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. கூடவே கொண்டுபோன இயந்திரத்தில், வாசிக்க வாசிக்கத் தட்டில் நேரடியாகக் கீறிப் பதிவு செய்தார்கள்.

மற்றவர்கள் மெதுவாக வாசித்த நடை மெட்டை, ஸ்டெப் ஆட்டத்துக்கு ஏற்ற மாதிரி விறுவிறுவென்று வாசித்துத் தள்ளினார். மெட்டு பழசு, வேகமும் துள்ளலும் அவருடையது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இந்த வித்தியாசம்தான் காரணம்.

கிராமத்து மெட்டு பாலே மேடைக்கு எப்படிப் போனது?

நடுவில் ஒரு புத்தகம் இருக்கிறது. லோமாக்ஸும் அவருடைய அப்பா ஜானும் 1941-ல் ‘அவர் சிங்கிங் கன்ட்ரி’ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். அதற்காக ஸ்டெப் வாசித்ததை ஒலித்தட்டிலிருந்து கேட்டு நொட்டேஷனாக எழுதியவர் ரூத் க்ராஃபர்ட் சீகர். அவரே பெரிய இசையமைப்பாளர்; பாடகர் பீட் சீகரின் சிற்றன்னை.

அந்த நொட்டேஷன் காப்லாண்டின் கைக்குக் கிடைத்தது. ஆக்னஸ் டி மில் நடனம் அமைத்த ‘ரோடியோ’ பாலே 1942 அக்டோபர் 16 அன்று நியூயார்க்கில் அரங்கேறியது. அதன் கடைசிப் பகுதியான ‘ஹோ-டவுன்’, ஸ்டெப்பின் வாசிப்பை முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரித்தது. 1972-ல் எமர்சன், லேக் அண்ட் பாமர் அதையே ராக் இசையாக்கினார்கள். 1992-ல் மாட்டிறைச்சி விளம்பரம் வந்தது.

மெட்டு இன்னொரு பக்கமும் கிளை விட்டது. பீ வீ கிங் வரிகள் சேர்க்க, 1950-ல் கே ஸ்டார் பாடி ஹிட் ஆனது. 1974-ல் க்ளென் கேம்பல் மறுபடி பாடினார்.

அப்படியென்றால், மெட்டு யாருக்குச் சொந்தம்?

சட்டப்படி பார்த்தால் பழைய நாட்டுப்புற மெட்டு எல்லோருக்கும் பொது. அதை வைத்து ஆர்க்கெஸ்ட்ரா எழுதியவரும், வரிகள் சேர்த்தவரும் தங்கள் படைப்புக்கு உரிமை கோரலாம். மெட்டை வாசித்தவருக்கு? 1972 பிப்ரவரி 15-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு மத்திய காப்புரிமைச் சட்டத்தில் அன்று பாதுகாப்பே இல்லை. தாளில் எழுதினால் படைப்பு. வில்லால் வாசித்தால் ‘பாரம்பரியம்’. இந்தக் கணக்கில் அடிபட்டவர்கள் ஸ்டெப் மாதிரி ஆட்கள்தான்.

லோமாக்ஸ் அன்று இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போகாமல் இருந்திருந்தால், ஸ்டெப்பின் வாசிப்பு அந்த வட்டாரத்தோடு முடிந்திருக்கும் என்பதும் உண்மை. பதிவுதான் மெட்டைக் காப்பாற்றியது. அதே பதிவுதான் அவர் பெயர் கழன்று விழவும் வழி செய்தது.

ஸ்டெப் 1957-ல் காலமானார். 1971-ல் நாடாளுமன்ற நூலகம், ஆலன் ஜபூர் தொகுத்த பிடில் இசைத்தட்டில் இந்தப் பதிவைச் சேர்த்து வெளியிட்டது. அதன் பிறகுதான், காப்லாண்டுக்குப் பின்னால் இருந்த கை யாருடையது என்பதைப் பலரால் காதாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தது. இப்போது அந்தப் பதிவு இணையத்தில் கிடைக்கிறது. ‘ஹோ-டவுன்’ கேட்ட கையோடு அதையும் கேட்டுப் பாருங்கள். ஒற்றைப் பிடில்தான். ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவின் துள்ளல் முழுக்க அதற்குள்ளேயே இருக்கிறது.