பட்டினி கண்ட வயிற்றுக்குச் சத்திரசிகிச்சை: ஸ்லீவா, பைபாஸா?

டிக்கோயாவில் ஒரு லயன் காம்பராவின் இஸ்தோப்பில் உட்கார்ந்து அக்கா தன் கிளினிக் கொப்பியை என்னிடம் நீட்டினார். கடைசிப் பக்கத்தில் யாரோ தமிழில் இரண்டு சொற்களை எழுதிக் கொடுத்திருந்தார்கள்: ஸ்லீவ், பைபாஸ்.

“ரெண்டுல எதுன்னு வீட்டுல பேசி யோசிச்சிட்டு வரச் சொன்னாங்க. நான் என்னத்த யோசிக்கிறது தங்கச்சி?”

அக்காவின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 1977 ஆகஸ்ட் வன்முறைக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அவர் பிறந்தது கிளிநொச்சியில். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், வயிற்றில் ஷெல் துண்டு பட்டு, அதற்குச் சத்திரசிகிச்சை செய்து, மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்னர் தாய்மாமன் வீட்டை நம்பி டிக்கோயாவுக்கு வந்தவர். இன்று அவருடைய உயரம் 152 சென்ரிமீற்றர், எடை 92 கிலோ. சீனி வருத்தம், உயர் குருதி அமுக்கம், முழங்கால் வலி, இரவில் நெஞ்செரிச்சல் எல்லாம் உண்டு.

அவருடைய பயம் மயக்க மருந்தைப் பற்றியதோ கத்தியைப் பற்றியதோ அல்ல. “அங்க ஒரு கோப்பை கஞ்சிக்கு வரிசையில நின்னு, அதுவும் கிடைக்காம படுத்த நாள் இருக்கு. இப்ப நானே கையெழுத்துப் போட்டு பட்டினி கெடக்கணுமா?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் வைத்தியர்களிடமும் ஆய்வுகளிடமும் போனேன். போரைக் கடந்த பலருக்கும் இது பொதுவான கேள்வியாக இருக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

மெலிந்த மலையகத்தில் பருமனா?

“தோட்டத்துல உடம்பு குறைக்க ஒப்பரேசனா?” என்று அக்காவின் அயலவர்கள் சிரித்தார்களாம். சிரிப்பதற்குக் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 17 வீதம். தோட்டப்புறத்தில் அது கிட்டத்தட்ட 32 வீதம்.

ஆனால் இந்த இரண்டும் ஒரே கதையின் இரு பக்கங்கள். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் போதிய ஊட்டமின்றி வளர்ந்த உடல், பின்னாளில் மாச்சத்தும் சீனியும் கூடும்போது நீரிழிவுக்கு எளிதில் ஆளாகிறது. பிரித்தானிய வைத்தியர் டேவிட் பார்க்கரும் அவருக்குப் பின் வந்தவர்களும் இதைப் பல தசாப்தங்களாக எடுத்துக்காட்டி வந்திருக்கிறார்கள். கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், சீனி போட்ட தேத்தண்ணி, வாரத்தில் ஒரு நாள் மீனோ முட்டையோ: இந்தச் சாப்பாட்டில் வயிறு நிறையும், புரதம் நிறையாது. மலையேறிக் கொழுந்து எடுப்பது நின்று, கடையிலோ வீட்டிலோ வேலை என்றானதும் எடை ஏறிவிடுகிறது.

யாருக்கு இந்தச் சிகிச்சை?

எடையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. அக்காவுக்கு அது கிட்டத்தட்ட 40. உடல் பருமன் சத்திரசிகிச்சை நிபுணர்களின் இரு சர்வதேச அமைப்புகள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சுட்டி 35க்கு மேல் உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், ஆசிய மக்களுக்கு 27.5இலிருந்தே இதை யோசிக்கலாம் என்கிறது அது. அதற்காக அந்த எண்ணைத் தாண்டிய எல்லோரும் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பதில்லை. உணவு மாற்றமும் மருந்தும் முதலில் வருகின்றன. வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் போன்ற புதிய ஊசிகளும் நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் அவற்றின் விலை தோட்டச் சம்பளத்துக்கு எட்டாது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும்.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

இரண்டு சத்திரசிகிச்சைகளும் சிறு துளைகள் வழியே கமரா விட்டுச் செய்யப்படுபவை.

ஸ்லீவ்: இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி வெளியே எடுக்கப்படுகிறது. சட்டைக் கையைப் போல ஒடுங்கிய குழாய் ஒன்று மிஞ்சும். குடலில் கை வைப்பதில்லை. வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

பைபாஸ்: இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, அதனுடன் சிறுகுடல் இணைக்கப்படுகிறது. மிச்ச இரைப்பையும் சிறுகுடலின் முதற்பகுதியும் உள்ளேயே இருக்கும், ஆனால் சாப்பாடு அவ்வழி போகாது. 1960களில் அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் தொடங்கிவைத்த முறை இன்று பல மாற்றங்களுடன் இப்படி ஆகியிருக்கிறது.

எடை குறைவதில் இரண்டுக்கும் பெரிய தூரமில்லை. முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஸ்லீவில் மொத்த எடையின் கால் பங்களவும், பைபாஸில் அதைவிடச் சற்றுக் கூடவும் குறையும். எம்மவர் பலர் வாழும் சுவிட்சர்லாந்தில் 217 பேரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2018இல் வெளியானது. எடைக் குறைவில் கணக்கில் எடுக்கத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் நெஞ்செரிச்சல் ஏற்கெனவே இருந்தவர்களில், ஸ்லீவ் செய்தோரில் சுமார் 32 வீதத்தினருக்கு அது மோசமானது. பைபாஸ் செய்தோரில் 6 வீதத்தினருக்கே அப்படி ஆனது.

ஆகவே “எதில் கூட மெலியலாம்” என்று கேட்பதால் பயனில்லை. எந்தச் சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வாழ்க்கையை என் வீட்டில், என் வருமானத்தில், என் பாதையில் நடத்த முடியும் என்பதுதான் கேட்க வேண்டியது.

லயத்தில் வைத்துப் பார்த்தால்

தேத்தண்ணியில் தொடங்குவோம். பைபாஸுக்குப் பின் சீனி கூடிய எதுவும் வேகமாகச் சிறுகுடலுக்குள் இறங்கி, வியர்வை, படபடப்பு, தலைச்சுற்று, வயிற்றோட்டம் தரலாம். காலையில் மூன்று கரண்டிச் சீனியுடன் குடித்துப் பழகியவர் அதை விடத்தான் வேண்டும். ஸ்லீவிலும் இது வரலாம், ஆனால் குறைவு. இன்னொன்று, தேயிலையில் உள்ள தனின் இரும்புச்சத்தை உடல் எடுப்பதைத் தடுக்கிறது. பைபாஸில் இரும்பை அதிகம் உறிஞ்சும் குடற்பகுதியே விலக்கப்படுவதால், ஏற்கெனவே இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு இது சின்ன விஷயமல்ல. இரும்பு மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஓரிரு மணி நேர இடைவெளி வேண்டும்.

ரொட்டியும் சோறும் ஆரம்பத்தில் நெஞ்சில் அடைத்து நிற்கும். முட்டை, மீன், நெத்தலிக் கருவாடு, பருப்பு, தயிர் போன்றவற்றை முதலில் சாப்பிட்டு, மெல்ல மென்று, பிறகே மற்றவை. இதற்கான காசு மாதாமாதம் இருக்குமா என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்க வேண்டும்.

விற்றமின் மாத்திரைகள் இரண்டு முறைகளிலும் வாழ்நாள் முழுக்க. பைபாஸில் தவறவிட்டால் சேதம் கூட. பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் தேவை.

முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபினக், இபுபுறூபன் வகை மாத்திரைகளைப் பைபாஸ் செய்தவர் தவிர்க்க வேண்டும். குடல் இணைப்பில் புண் வரும். புகைத்தலும் அப்படியே. பைபாஸுக்குப் பின் மதுபானம் வேகமாகவும் கடுமையாகவும் ஏறும். அடிமையாகும் ஆபத்தும் கூடுகிறது.

பிள்ளை பெறும் வயதில் உள்ளவர்கள் சத்திரசிகிச்சைக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். பைபாஸில் கர்ப்பத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறைகளைக் கேட்டறிய வேண்டும்.

கடைசியாகத் தூரம். டிக்கோயா ஆதார வைத்தியசாலையிலோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ தொடங்கினாலும், இச்சத்திரசிகிச்சைக்குக் கொழும்பின் அரச போதனா வைத்தியசாலைகளை நோக்கித்தான் போக வேண்டிவரும். அங்கே கட்டணமில்லை, காத்திருப்பு உண்டு. ஆனால் ஒவ்வொரு கிளினிக்குக்கும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். சத்திரசிகிச்சை முடிந்த கையோடு நீண்ட நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வருவது காலில் இரத்தம் கட்டும் ஆபத்தைக் கூட்டும். முதல் இரு வாரங்கள் கொழும்பில் தங்க ஓர் இடம் இருப்பது நல்லது.

போர்க்காயம் உள்ளவர்களுக்கு

எமது வாசகர்கள் சிலருக்கு இந்தப் பகுதி மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வயிற்றில் முன்பு பெரிய சத்திரசிகிச்சை நடந்திருந்தால், உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அப்போது குடலைக் கையாள வேண்டிய பைபாஸ் கடினமாகும். ஸ்லீவ் இலகுவாக இருக்கலாம். 2009இல் என்ன செய்தார்கள் என்ற துண்டு உங்களிடம் இல்லாவிட்டாலும் தழும்பைக் காட்டுங்கள், நினைவில் உள்ளதைச் சொல்லுங்கள். உடலில் ஷெல் துண்டு இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன் கட்டாயம் சொல்ல வேண்டும். கால் இழந்தவர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதைத் திருத்திக் கணிக்கும்படி கேளுங்கள்.

உறக்கமின்றி நள்ளிரவில் சாப்பிடுவது, பதற்றம் வந்தால் சாப்பிடுவது, சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று சேர்த்து வைப்பது எல்லாவற்றையும் மனநல வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது உங்களைத் தள்ளிவிடுவதற்கான பரீட்சையல்ல. இதுவரை மனதைத் தாங்கிப் பிடித்தது சாப்பாடு என்றால், அதைக் குறைக்கும்போது வேறு பிடிமானம் வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் சிலருக்கு மனச்சோர்வும் உயிரை மாய்க்கும் எண்ணமும் வரக்கூடும் என்று ஆய்வுகள் எச்சரிக்கின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

எந்தப் பயம் நியாயமானது?

செத்துப்போவேனோ என்ற பயம்: அனுபவமுள்ள இடங்களில் முதல் 30 நாட்களில் இறப்போர் ஆயிரத்துக்கு ஒருவர் முதல் மூவர் வரை. பித்தப்பை, முழங்கால் சத்திரசிகிச்சைகளின் ஆபத்தோடு ஒப்பிடக்கூடிய அளவு இது. ஆனால் “அனுபவமுள்ள இடங்களில்” என்ற சொல்லைக் கவனியுங்கள். 2024 ஏப்ரலில் சென்னையில் ஒரு தனியார் வைத்தியசாலையில் இதே சிகிச்சைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். தமிழக சுகாதாரத் துறை விசாரித்து, அவசர நிலைக்குப் போதிய வசதி இல்லை என்று கண்டு, அந்த வைத்தியசாலையின் பதிவை இடைநிறுத்தியது. வெளிநாட்டு உறவினர் காசு அனுப்புகிறார் என்று இந்தியாவுக்குப் புறப்படுவோர், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, ஊர் திரும்பிய பின் யார் பார்ப்பார்கள் என்று கேட்காமல் போகக்கூடாது.

தையல் கசியுமோ என்ற பயம்: நூற்றில் ஓரிருவருக்கு நடக்கலாம். காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, கூடும் வயிற்று வலி, மூச்சுத் திணறல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும் வரை காத்திருக்காமல் 1990க்கு அழைத்து வைத்தியசாலைக்குப் போங்கள். நிற்காத வாந்தியையும் சும்மா விடக்கூடாது. விற்றமின் பி1 குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம்.

எடை திரும்பி வருமோ என்ற பயம்: ஓரளவு வரும். எல்லாமே வீணாகிப் போவது குறைவு. சீனி வருத்தம் பலருக்கு வெகுவாகத் தணியும். நீண்டகாலம் இன்சுலின் போடுபவர்களுக்கு முழுதாக விடுபடும் வாய்ப்புக் குறைவு.

இனி அக்காவின் பயம். பட்டினி என்பது பசித்தும் கிடைக்காத நிலை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியே எடுக்கப்படுகிறது. பைபாஸிலும் குடலின் சமிக்ஞைகள் மாறிப் பசி தணிகிறது. அதனால் முதல் மாதங்களில் பெரும்பாலானோருக்குப் பசியே தெரிவதில்லை; நேரம் பார்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். பின்னர் பசி மெல்லத் திரும்பும்.

இதை நான் சொன்னபோது அக்கா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “பசிக்காதுன்னா சரி. ஆனா தட்டுல கொஞ்சமா இருக்கிறத பார்த்தா எனக்கு அந்த நாள் ஞாபகம் வராதா?”

அதற்கு ஆய்வுகளில் பதில் இல்லை. அதை அப்படியே மனநல வைத்தியரிடம் கேட்கலாம் என்று சொல்லி, கிளினிக் கொப்பியில் முதல் கேள்வியாக எழுதினோம். அதன் கீழே மற்றவை: நெஞ்செரிச்சலும் சீனி வருத்தமும் பைபாஸ் பக்கம் இழுக்கின்றன, வயிற்றுத் தழும்பும் இரத்தச்சோகையும் ஸ்லீவ் பக்கம் இழுக்கின்றன, என் விஷயத்தில் எது பெரிது? வயிற்றைத் திறந்த பின் பைபாஸ் முடியாது என்று கண்டால் என்ன செய்வீர்கள்? சத்திரசிகிச்சைக்கு அடுத்த நாளிலிருந்து சீனி மாத்திரையை எவ்வளவு குறைப்பது? வேண்டாம் என்று நான் சொன்னால் வேறு என்ன வழி?

அடுத்த மாதம் எண்டோஸ்கோப்பிக்கு அவருக்குத் திகதி இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நிபுணர் தன் முடிவைச் சொல்வார். அதன் பிறகு அக்கா தன் முடிவைச் சொல்வார். அவருடன் போவதற்கு நானும் ஒரு நாள் லீவு எடுத்திருக்கிறேன். நான் கிளம்பும்போது தேத்தண்ணி வந்தது. எனக்குச் சீனியோடு, தனக்குச் சீனியில்லாமல். “பழகிப் பார்க்கிறேன்” என்றார்.