ஆங்கிலத்தில் ஒரு காணி நிலம்

வில்லியனூரிலோ பாகூரிலோ வயல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், "உங்களுக்கு நிலம் எவ்வளவு ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குழியிலோ காணியிலோதான் பதில் வரும். இந்தக் 'காணி' ஒரு காலத்தில் ஆங்கிலச் சொல்லாகவும் இருந்தது என்றால் நம்புவீர்களா?

யூல், பர்னல் ஆகிய இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் அகராதியில் 'காவ்னி' என்றொரு சொல் இருக்கிறது. நம் காணிதான் அது! ஆங்கிலத்தில் 'ண' ஒலி இல்லையல்லவா? அதனால் உருமாறிவிட்டது. சென்னை மாகாணத்து ஆங்கில எழுத்துகளில் புழங்கிய இச்சொல் இன்று வழக்கொழிந்துவிட்டது.

தமிழில் காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு. நான்கு முந்திரி சேர்ந்தது. உரிமை நிலம் என்றும் பொருள் உண்டு. இலங்கைத் தமிழர் அளவு பாராமல் எந்த நிலத்தையும் காணி என்றே சொல்வர். ஆங்கிலத்தில் முக்கியமாக நிலைத்ததோ நில அளவு என்ற பொருள்தான்.

பக்கத்துக்கு 24 அடி உள்ள சதுரம் ஒரு குழி. அதாவது 576 சதுர அடி. குழியில் பதினாறில் ஒரு பங்கு வீசம். நூறு குழி ஒரு காணி; 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர். பாரதியார் பராசக்தியிடம் கேட்டதும் இவ்வளவுதான்!

ஆனால் 'அடி' என்பது எவ்வளவு நீளம்? அங்கேதான் சிக்கல். 1800-இல் சென்னையிலிருந்து பயணம் புறப்பட்ட பிரான்சிஸ் புக்கானன், செங்கல்பட்டுப் பகுதியின் அளவைகளை ஆராய்ந்தார். 1807-இல் வெளியான அவரது நூலின்படி அங்கே ஓர் அடி சுமார் 10.46 அங்குலமே. விதிப்படி அளவுகோல் 24 அடி. நடைமுறையிலோ, தருமமாக இரண்டடி கூட்டி, 26 அடி மூங்கிலால் அளந்தார்கள். விதிப்படியான காணி 43,778 ஆங்கிலச் சதுர அடி. வழக்கத்துக் காணியோ 51,375!

கோலின் நீளம் கூடியது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 8 சதவீதம். பரப்போ 17 சதவீதம் கூடிவிட்டது. ஏன்? பரப்பு நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. காணிக்கு இவ்வளவு என்று வரி விதித்தால், நீண்ட மூங்கிலால் அளக்கும்போது அதே வயல் குறைந்த காணியாகும், வரியும் குறையும். கோல் குட்டையானால் வயல் வளராமலே வரி வளரும். ஒரு குடியானவரின் களத்தில் எத்தனை மூட்டை நெல் மிஞ்சும் என்பதை அந்த இரண்டடி மூங்கில் தீர்மானித்திருக்கிறது!

புதுச்சேரிப் பத்திரங்களில் ஹெக்டேர், ஆர் கணக்கோடு குழியும் வீசமும் இன்றும் இடம் பெறுகின்றன. உங்கள் வீட்டில் அத்தகைய பத்திரம் இருந்தால் பெரியவர்களிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒரு குழி சுமார் 53.5 சதுர மீட்டர்; ஓர் ஆர் 100 சதுர மீட்டர். இரு கணக்கும் ஒத்துவருகின்றனவா?