பீங்கான் பல்லுறையும் அதன் ஒட்டுச்சாந்தும்

பழுதுற்ற பல்லைப் பிடுங்கி எறியாது, எஞ்சிய பாகத்தைச் செதுக்கிச் சீராக்கி, அதன்மேல் தொப்பிபோற் கவிக்கும் உறையினை ஆங்கிலேயர் கிரவுன் என்பர். நம்மவர் பேச்சில் அது கேப் என்றே வழங்குகின்றது. ஈண்டு அதனைப் பல்லுறை என்போம். முன்னாளிற் பொன்னாலும் பிற உலோகங்களாலும் செய்யப்பட்ட இவ்வுறை இந்நாளிற் பெரும்பாலும் பீங்கானாலேயே செய்யப்படுகின்றது. உறையிட்டுக்கொள்ளச் செல்வோர் அதன் நிறத்தையும் விலையையும் வினவுவரேயன்றி, அஃது எதனைக்கொண்டு எவ்வாறு ஒட்டப்படும் என வினவுவார் மிகச் சிலரே. ஆயினும் அவ்வுறை நெடுநாள் நிலைப்பதும், அதனடியிலுள்ள பல் பிழைப்பதும், தலைமயிரின் பருமனே கொண்ட ஒரு சாந்துப்படலத்தைப் பொறுத்துள்ளன.

பீங்கான் சொத்தையாவதில்லை, சொத்தையாவது அதன் கீழுள்ள பல்லே. உறையின் விளிம்பும் பல்லும் கூடுமிடத்திற் சிறு இடைவெளி இருந்தே தீரும். 1971ஆம் ஆண்டில் மக்லீன், பான் பிரான்ஹோபர் என்னும் இருவர் தம் ஆய்வின் முடிவாக, 120 மைக்ரான் வரையுள்ள இடைவெளியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றனர். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்திலொரு பங்கே மைக்ரான். ஆனால் பல்லை அரிக்கும் கிருமியின் அகலம் ஏறக்குறைய ஒரு மைக்ரானே. நாம் நுண்ணியது எனக் கருதும் அவ்விடைவெளி, நூறு கிருமிகள் தோளோடு தோள் சேர்ந்து புகத்தக்க கோட்டைவாயில் ஆகின்றது. அவ்வாயிலை அடைத்து நிற்பது சாந்து ஒன்றே. பஸ்பம் புடமிடும் சித்த வைத்தியர் இரண்டு அகல்களை வாயோடு வாய் பொருத்திச் சீலைமண் செய்வதைக் கண்டோர்க்கு இது எளிதில் விளங்கும். அகல் எத்துணை நேர்த்தியாயினும், சீலைமண் வெடித்தால் உள்ளிருக்கும் மருந்து கெடும்.

இக்கேடு பெரும்பாலும் நோவின்றியே நிகழ்கின்றது. உறையிடப்படும் பற்களிற் பல, வேர்ச்சிகிச்சையால் நரம்பு நீக்கப்பட்டவை. அவை உள்ளே உளுத்துப்போயினும் உடையவர் உணரார். ஒருநாள் எதையோ மெல்லும்போது உறை கையோடு வந்துவிட, அதனுள்ளே பல்லின் அடிக்கட்டையும் ஒடிந்து கிடப்பதைக் காண்பர். உறை சிறிதும் பழுதுற்றிராது. அதனை மாட்டுதற்குப் பல்தான் இராது.

பழைய சாந்து துத்தநாகப் பஸ்பத்தைப் பாஸ்பாரிக் திராவகத்திற் குழைத்துச் செய்யப்படுவது. குழைக்குங்கால் வெப்பம் பிறக்கும். வெப்பம் மிகுந்தால் விரைவில் இறுகிவிடும். ஆதலின் குளிர்ந்த கண்ணாடிப் பலகையின்மேல், ஆனால் நீர்த்துளி படியுமளவு குளிராதவாறு, பொடியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அகலப் பரப்பிக் குழைப்பர். இச்சாந்து பல்லையும் பற்றாது, உறையையும் பற்றாது. இரண்டின் சொரசொரப்புகளிற் புகுந்து ஆப்புப்போல் இறுகி நிற்பதே அதன் தொழில். செதுக்கிய பல் போதிய உயரமும், மேனோக்கிச் சிறிதே குறுகும் வடிவும் பெற்றிருந்தால் இவ்வாப்பே பல்லாண்டு போதும். குட்டைப் பல்லாயின் போதாது. வாய்நீரில் மெல்லமெல்லக் கரைவதும் இதற்கோர் இழுக்கு.

பல்லோடு இரசாயன முறையிற் பிணையும் முதற்சாந்தினை 1968இல் இங்கிலாந்தில் டென்னிஸ் ஸ்மித் என்பவர் வெளியிட்டார். பின்னர் இலண்டனில் அரசாங்க இரசாயனசாலையைச் சேர்ந்த ஆலன் வில்சனும் பிரையன் கென்டும் கண்ட கிளாஸ் அயனோமர் என்னும் சாந்து, பல்லிலுள்ள சுண்ணச்சத்தைப் பற்றுவதோடு புளோரைடையும் சிறிது சிறிதாக வெளிவிடுவது. இவை இன்றும் நற்பணி செய்கின்றன.

எனினும் பீங்கானுக்கு வேறொரு குறை உண்டு. அழுத்தத்தைப் பெரிதும் தாங்கும் பீங்கான் இழுவிசையைத் தாங்காது. மெல்லும்போது உறையின் உட்புறத்தில் இழுவிசை பிறந்து, அங்குள்ள நுண்பிளவிலிருந்தே வெடிப்புத் தொடங்குகின்றது. பீங்கான் உறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் டிட்ராயிட் நகரத்துச் சார்ல்ஸ் லாண்ட் வகுத்தார். 1927இல் விமானமேறித் தனியே அட்லாண்டிக்கைக் கடந்த லிண்ட்பர்க் இவருடைய மகள்வயிற்றுப் பேரர் என்பது ஒரு சுவையான செய்தி. அவ்வுறைகள் அழகாயிருந்தும் எளிதில் உடைந்தன. அவற்றின் பின்னே நின்ற சாந்து வெறும் நிரப்பாக இருந்ததே ஒழிய, பீங்கானைப் பல்லோடு ஓருடலாக்கவில்லை.

அவ்வாறு ஒன்றாக்கும் வழிக்கு 1955இல் அடிகோலப்பட்டது. வண்ணம் பற்றுதற்பொருட்டு உலோகத்தைத் தொழிற்சாலைகளிற் பாஸ்பாரிக் திராவகத்தாற் கழுவுவதைக் கருத்திற்கொண்ட மைக்கேல் பூனகோர், அதே திராவகத்தைப் பல்லின் எனாமல்மீது இட்டுப் பார்த்தார். எனாமல் தேன்கூடுபோல் நுண்குழிகள் பெற்றது. அக்குழிகளிற் பிசின் புகுந்து இறுகியபின் எளிதிற் பெயரவில்லை. இன்றைய பிசின் சாந்துகளுக்கெல்லாம் இதுவே மூலம்.

பல் ஒருபுறம், மறுபுறமுள்ள பீங்கானோ ஒருவகையன்று. இவ்விடத்திலேதான் பலர் இடறுகின்றனர். கண்ணாடிச்சத்து உள்ள பீங்கான் ஒருவகை. லித்தியம் டைசிலிகேட் என்பது அதனைச் சார்ந்தது. கண்ணாடிச்சத்தே இல்லாத சிர்கோனியா மற்றொரு வகை. முன்னதன் உட்புறத்தை ஹைட்ரோபுளோரிக் திராவகம் அரித்துக் குழிகளாக்கும். லித்தியம் டைசிலிகேட்டுக்கு நூற்றுக்கு 5 வீதமுள்ள திராவகத்தை 20 விநாடி இடுவது வழக்கம். அளவுக்கு மிஞ்சி இட்டால் பீங்கானே வலிவிழக்கும். இது தசையையும் எலும்பையும் கெடுக்கவல்ல கொடிய திராவகமாதலின், வாய்க்குப் புறம்பே, கையுறை அணிந்து கையாளத்தக்கது. கழுவி உலர்த்தியபின் சிலேன் என்னும் திரவத்தைப் பூசுவர். அதற்கு இரண்டு கைகள் உண்டு எனலாம்: ஒரு கை பீங்கானைப் பற்றும், மற்றது பிசினைப் பற்றும்.

சிர்கோனியாவை இத்திராவகம் அவ்வாறு அரித்துக் குழியாக்காது. அரித்தற்குரிய கண்ணாடி அதனிடம் இல்லை. நுண்ணிய அலுமினாப் பொடியை மெல்லிய காற்றழுத்தத்தால் அதன்மேல் எறிந்து சொரசொரப்பாக்கி, எம்.டி.பி. என்னும் பாஸ்பேட் கலந்த பூச்சினை இடுதல் வேண்டும். இப்பொருளை ஜப்பானியர் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்கினர். அதன் பாஸ்பேட் முனை சிர்கோனியாவை நாடிப் பற்றுகின்றது. ஆனால் வாய்நீரிலும் பாஸ்பேட் உண்டு! உறையைப் பொருத்திப் பார்க்கும்போது எச்சில் பட்டால், பூச்சு அமரவேண்டிய இடங்களை எச்சிலின் பாஸ்பேட் முந்திக்கொள்ளும். அதனைத் தூய்மை செய்வதாக எண்ணிப் பாஸ்பாரிக் திராவகத்தால் துடைத்தால் கேடு இரட்டிக்கின்றது. அதுவும் பாஸ்பேட்டையே கொணர்ந்து சேர்க்கின்றது. லித்தியம் டைசிலிகேட்டில் எச்சில் பட்டால் அதே திராவகத்தாற் கழுவுதல் தக்கதே. ஒன்றற்கு மருந்தாவது மற்றொன்றற்கு நஞ்சாகின்றது. ஆதலின் உறை எப்பொருளால் ஆயது என்பதனைச் செய்தவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறாது ஒட்டத் தொடங்குவது அறியாமை என்றே கூறுவேன்.

இனிப் பல்லின்புறம் வருவோம். தற்காலிக உறையை ஒட்டிய பழைய சாந்து எள்ளளவும் இருத்தல் ஆகாது. எச்சிலும் இரத்தமும் அணுகலாகா. 1864இல் நியூயார்க்கிற் சான்போர்ட் பார்னம் கண்ட ரப்பர்த்திரை, இயலும் இடத்தில், இதற்குச் சிறந்த காவல். நோயாளிக்குச் சிறிது சங்கடமாயினும் பொறுத்துக்கொள்ளத்தக்கதே. ஆனால் எனாமலுக்கு உரிய வறட்சி அதன் உள்ளீடாகிய டென்டீனுக்கு ஆகாது. திராவகத்தால் அரிக்கப்பட்ட டென்டீனைக் காற்றூதி முற்றும் உலர்த்தினால், அதன் நார்வலை துவண்டு படுத்துப் பிசினை உட்புகவிடாது தடுக்கும். சற்றே மினுமினுக்கும் ஈரம் இருத்தல் வேண்டும். இவ்வளவினைக் கைப்பழக்கமன்றி நூல் கற்பிக்க மாட்டாது.

விளிம்பு ஈறுக்கடியில் ஆழ்ந்து, எவ்வாற்றானும் ஈரத்தை விலக்கவியலாத இடத்தில், அல்லது உயரமான பல்லில் வலிய சிர்கோனியா உறையை இடுமிடத்தில், பிசினை விட்டுக் கிளாஸ் அயனோமர் வகையைக் கொள்வதே அறிவுடைமை. நனைந்த பிசினைவிட நன்கமைந்த பழைய சாந்து மேல்.

உறையின் உட்சுவரில் மெல்லிதாகச் சாந்து தடவி, நிலைத்த அழுத்தத்துடன் இருத்துவர். மிகையான சாந்து விளிம்பில் பிதுங்கிவரும். வாராத இடம் வெற்றிடமென்று ஐயுறல் வேண்டும். அஃது அரைகுறையாக இறுகிய பதத்தில் அகற்றப்படும். முந்தினால் விளிம்பிலிருந்தும் பெயர்ந்து வரும், பிந்தினால் கல்லாகி ஈறைப் புண்ணாக்கும். பற்களின் இடையே நூலிழையைச் செலுத்தி, மேனோக்கி இழாது பக்கவாட்டில் உருவிவிடுவது நலம். பிசின் சாந்து ஒளியால் இறுகுவதாயினும், பருத்த உறையினூடே ஒளி போதிய அளவு புகாதாதலின் இருளிலும் இறுகும் வகையையே கொள்வர். காற்றிலுள்ள பிராணவாயு பிசினின் மேற்பரப்பை இறுகவொட்டாது தடுக்குமாதலால், விளிம்பெங்கும் கிளிசரின் பூசி இறுதியாக ஒருமுறை ஒளியூட்டுவர்.

பிசினால் ஒட்டிய உறையைப் பின்னர்க் கழற்ற வேண்டின் பெரும்பாலும் அறுத்தெடுத்தலே வழி. ஆகவே நிறம், கடி, அண்டைப் பற்களோடு உள்ள இணக்கம் ஆகியவற்றைச் சாந்து குழைக்குமுன்பே கண்ணாடியிற் பார்த்து, பிடிக்காததைக் கூசாது சொல்லிவிடுதல் நோயாளியின் உரிமை. கிளாஸ் அயனோமரால் ஒட்டப்பட்டதாயின் முழுவலிவு பெற ஒருநாள் செல்லும். அதுவரை முறுக்கையும் கரும்பையும் அப்பக்கம் கடித்தல் ஆகாது. அதன்பின் நாள்தோறும் விளிம்பினடியில் நூலிழை செலுத்தித் துலக்கிவருக. இழை ஓரிடத்தில் நார்நாராய்ப் பிரிந்து வருமாயின், நோவு இல்லையே என்று இராது, வைத்தியரிடம் அவ்விடத்தைக் காட்டுக.