கீழூரில் வாக்கு, கோவாவில் படை

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம் அது. 1954 அக்டோபர் 18-ல், புதுச்சேரி, காரைக்கால் பகுதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கீழூரில் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் சம்மதம். 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தர மட்டும் 1962 வரை இழுத்தடித்தது.

கோவாவின் கதையோ வேறு. போர்ச்சுகலின் சர்வாதிகாரி சலாசார், கோவா காலனியே அல்ல, கடல் தாண்டிய போர்ச்சுகல் மாகாணம் என்று சாதித்தார். பேச்சுவார்த்தைக்கு அவர் மசியவே இல்லை. 1961 டிசம்பரில் இந்தியப் படை நுழையும் முன்பே, சரணடையவே கூடாது, கடைசி ஆள் வரை போரிடுங்கள் என்று லிஸ்பனிலிருந்து தந்தி பறந்தது. இருந்ததோ சில ஆயிரம் வீரர்களும் ஒரு பழைய போர்க்கப்பலும். கவர்னர் ஜெனரல் வசாலோ இ சில்வா நிலைமையைப் பார்த்தார், டிசம்பர் 19-ல் சரணடைந்தார். பல உயிர்கள் தப்பின. நாடு திரும்பியவருக்குக் கிடைத்த பரிசு, ராணுவத்திலிருந்து நீக்கம்! 1974 ஏப்ரலில் லிஸ்பனில் ராணுவ அதிகாரிகளே அந்த ஆட்சியைக் கவிழ்த்த பிறகுதான் அவருக்குப் பதவி மரியாதை திரும்பியது.

அதே புரட்சியைத் தொடர்ந்து, 1975-ல் மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலை பெற்றன. கோவா இந்தியாவுடையது என்று போர்ச்சுகல் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டது, 1974 டிசம்பர் 31-ல்.