பழைய அலாரப் பெட்டியைக் கழற்ற வேண்டாம், கைப்பேசியோடு இணைக்கலாம்

தாமான் வீடுகள் பலவற்றில் மாடிப்படிக்கு அடியிலோ ஸ்டோர் அறையிலோ ஓர் இரும்புப் பெட்டி பூட்டிக் கிடக்கும். வீடு வாங்கிய காலத்தில் பொருத்திய அலாரப் பெட்டி அது. தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும்போது மட்டும் அதை நினைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. ஆளில்லாத வீட்டில் சைரன் அலறினால் அக்கம்பக்கத்தாருக்குத்தான் கேட்கும். பல்லி ஓடியதற்கெல்லாம் அலறிப் பழகிய சைரன் என்றால், அவர்களும் எட்டிப் பார்ப்பதை விட்டிருப்பார்கள்.

இந்தப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. விளக்கு, கேமரா, கேட் ஆகியவற்றை ஒரே இடத்திலிருந்து இயக்கும் வீட்டு மென்பொருளோடு இதை இணைத்தால், எந்தக் கதவு திறந்தது என்று வெளியூரில் இருந்தும் கைப்பேசியில் பார்க்கலாம். ஆனால், இதில் ஒரு வரம்பு உண்டு. காவல் வேலையைப் பெட்டிதான் செய்ய வேண்டும். மென்பொருள் தகவல் சொல்லும் ஆளாக மட்டும் இருக்க வேண்டும்.

பெட்டியின் பலம்

கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சிறு சுவிட்ச். கதவு திறந்து காந்தம் விலகியதும் பெட்டிக்குத் தெரிந்துவிடும். கூடத்தின் மூலையில் உள்ள சென்சார், மனித உடலின் வெப்பம் நகர்வதைக் கவனிக்கிறது. இவை ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் தனித்தனி ‘ஸோன்’ உண்டு. வயரின் கடைசியில் ஒரு சிறு ரெசிஸ்டரை முறையாகப் பொருத்தியிருந்தால், திருடன் வயரை வெட்டினாலும் பெட்டி கண்டுகொள்ளும்.

உள்ளே 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கும். மின்சாரம் போனாலும் இன்டர்நெட் அறுந்தாலும் பெட்டி தன் வேலையைத் தொடரும். எந்தக் கைப்பேசி செயலிக்கும் இந்தப் பலம் கிடையாது.

எப்படி இணைப்பது?

இத்தகைய மென்பொருள்களில் பரவலாகப் பயன்படுவது ‘ஹோம் அசிஸ்டன்ட்’. பவுலஸ் ஸ்கவுட்சன் 2013-இல் தொடங்கிய இது இலவசமானது. ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியிலோ பழைய கணினியிலோ வீட்டுக்குள்ளேயே ஓடும். மாதக் கட்டணம் கட்டாயமில்லை.

இணைக்கும் வழி பெட்டியின் பிராண்டைப் பொறுத்தது. டிஎஸ்சி பெட்டிகள் பலவற்றில், கீபேட் வயர்கள் சேரும் அதே நான்கு முனைகளில் ‘என்விசாலிங்க்’ என்ற சிறு போர்டைப் பொருத்தி, ரவுட்டரோடு இணைக்கலாம். பாரடாக்ஸ் பெட்டிகளுக்குத் தன்னார்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள் உண்டு. ஆனால், பாரடாக்ஸின் இணைய மாட்யூலில் உள்ள பதிப்பைப் பொறுத்து அது வேலை செய்யாமலும் போகலாம். ஆகவே, காசு கொடுக்கும் முன் பெட்டியின் மாடல் எண்ணையும் மாட்யூலின் பதிப்பையும் சரிபார்க்க வேண்டும்.

எதற்கும் இடம் தராத பெட்டி என்றால், அதன் கூடுதல் வெளியீட்டு முனையில் ஒரு ரிலே வைத்து, ‘சைரன் அடித்தது’ என்ற ஒரு தகவலையாவது எடுக்கலாம்.

பெட்டியைக் கழற்றிவிட்டு எல்லா வயர்களையும் நேரே கணினி போர்டில் கொடுக்கும் முறையும் இருக்கிறது. அப்படிச் செய்த வீட்டில் கணினி நின்றுபோனால் காவலும் நின்றுபோகும்.

திருடன் வராத நாளிலும் பயன்

சைரன் அடித்த கணமே வீட்டு விளக்குகள் எல்லாம் எரியும்படி செய்யலாம். ‘பின்கதவு’ என்று பெயரோடு கைப்பேசிக்குச் செய்தி வரும். கேமரா படமும் கூடவே வரும். வந்தது ஆளா, பல்லியா என்று பார்த்தபின் அண்டை வீட்டாரையோ 999-ஐயோ அழைக்கலாம்.

அலாரம் போடாத நேரத்திலும் கதவு திறப்பது மென்பொருளுக்குத் தெரியும். தோட்டத்து வீட்டிலோ தாமானிலோ அம்மா தனியாக இருக்கிறார், பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலை 9 மணி வரை சமையலறைக் கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்றால் பிள்ளைகளுக்குச் செய்தி போகும்படி அமைக்கலாம். அம்மா எந்தப் பொத்தானையும் அமுக்க வேண்டியதில்லை.

தவறக் கூடாதவை

• அலாரத்தைத் தானாகப் போட விடலாம். தானாக எடுக்க விடக் கூடாது. ‘கைப்பேசி வீட்டருகே வந்தால் அலாரத்தை எடு’ என்று அமைத்துவிட்டால், கைப்பேசியைப் பறித்தவனுக்கும் அது வழிவிடும்.

• புதிய போர்டில் தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். வெளியிலிருந்து பார்க்க, ரவுட்டரின் வாசலைத் திறந்து வைக்காமல், விபிஎன் போன்ற பாதுகாப்பான வழியை நாட வேண்டும்.

• ரவுட்டருக்கும் சிறு கணினிக்கும் யுபிஎஸ் வைக்க வேண்டும். மின்சாரம் போனால் பெட்டி விழித்திருக்கும். ஆனால், செய்தி வெளியே போகாது.

• இன்ஸ்டாலர் கோடு இல்லாமல் பெட்டியின் அமைப்பை மாற்ற முடியாது. பொருத்தியவரிடம் கேட்டு வாங்கி, வீட்டுக்காரரே வைத்திருப்பது நல்லது.

• பெட்டிக்குள் வீட்டு மின்சாரமும் வருவதால், விவரம் தெரியாதவர்கள் திறக்காமல் அனுபவமுள்ளவரை அழைக்க வேண்டும். கண்காணிப்பு நிலையத்திற்கு மாதக் கட்டணம் செலுத்துவோர், முன்கூட்டியே அங்கே தெரிவித்துவிட வேண்டும்.

• பேட்டரியை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வீங்கிய பேட்டரியை உடனே அகற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அலாரத்தைப் போட்டுவிட்டு, சிறு கணினியின் பிளக்கையும் ரவுட்டரின் பிளக்கையும் பிடுங்க வேண்டும். பிறகு கதவைத் திறந்து, உள்ளே நுழையத் தரும் நொடிகள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். சைரன் அடித்தால் வேலை சரி. அடிக்கவில்லை என்றால், பொருத்தியவர் அதைச் சரிசெய்த பிறகே பணம் கொடுப்பது நல்லது.