“நாங்க பார்க்காத வெயிலா?”

கத்தாருக்கு வேலைக்குப் போகும் நம் ஆட்கள் பலர் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். ராமநாதபுரத்துக்காரருக்கும் வேலூர்க்காரருக்கும் அப்படிக் கேட்க உரிமை உண்டு. கத்திரி வெயிலில் களத்திலும் கட்டடத்திலும் நின்றவர்கள். ஆனால் தோஹா வெயில் முதலில் பதம் பார்ப்பது இந்தத் தைரியத்தைத்தான்.

ஜூனில் அங்கே அடிப்பது உலர்ந்த அனல். பகலில் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடுவதால், உடம்பிலிருந்து எவ்வளவு நீர் போயிற்று என்பதே தெரியாது. சாயங்காலம் நீர்க்கடுப்பு வந்த பிறகுதான் உறைக்கும். ஆகஸ்டில் கடலின் ஈரம் ஊருக்குள் ஏறிவிட்டால் கதை வேறு. சட்டையைப் பிழியலாம், வியர்வை காயவே காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? ராத்திரியும் 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. நம்மூரில் வெயில் எவ்வளவு கொடுமையானாலும் ஒதுங்க ஒரு வேப்பமர நிழலாவது கிடைக்கும். கட்டடத் தளத்தில் சுற்றிலும் கான்கிரீட்டும் கம்பியும்தான், அவையும் சேர்ந்து கொதிக்கும்.

புது வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் கணக்கு இது: புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் வேலையில் 20 சதவீதம் போதும், பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது. வெளி வேலையில் வெப்பத்துக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் சேர்ந்த சில நாட்களுக்குள் போய்விடுகிறார்கள் என்பது அந்த நாட்டு அனுபவம். முதல் வாரமே ‘இவன் வேலைக்காரன்’ என்று ஃபோர்மேனிடம் பேரெடுக்க நினைக்கும் இருபத்திரண்டு வயதுப் பையன்களை நினைத்தால்தான் எனக்குப் பயம். பழைய ஆட்களும் தப்ப முடியாது. ஊருக்கு வந்து ஒரு மாதம் வெயிலில் வேலை செய்யாமல் இருந்தாலே, பழகிய உடம்பு அந்தப் பழக்கத்தை இழந்துவிடும். பத்து வருட சர்வீஸ் உள்ளவரும் லீவு முடிந்து ஜூலையில் இறங்கினால் புது ஆள்தான்.

வெயிலின் ஆபத்தைக் கத்தார் சட்டமும் ஓரளவு ஒப்புக்கொள்கிறது. 2021-இல் வந்த தொழில் அமைச்சக ஆணைப்படி, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது. அதற்கு முன்பு இந்தத் தடை 11.30-க்குத்தான் தொடங்கும்; ஆகஸ்டோடு முடிந்தும்விடும். அதே ஆணையில் இன்னொன்றும் இருக்கிறது, நம் ஆட்கள் பலருக்குத் தெரியாதது. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் ஒரு கருவி உண்டு. அதில் 32.1 டிகிரி காட்டிவிட்டால், மணி என்னவானாலும் வேலையை நிறுத்த வேண்டும். செல்போனில் வரும் வெப்பநிலையும் இதுவும் ஒன்றல்ல. போனில் 38 என்று காட்டும் ஒரு புழுக்கமான காலையிலேயே இந்த அளவு தாண்டிவிடலாம். உடம்புக்கு ஆபத்து என்று தோன்றினால் வேலையை நிறுத்திவிட்டுப் புகார் செய்யத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்து தருவது கம்பெனியின் பொறுப்பு.

உரிமை காகிதத்தில் இருக்கிறது, ஃபோர்மேன் எதிரில் நிற்கிறான். இந்தச் சிக்கல் எனக்கும் தெரியும். அதனால்தான் தனியாக வாய்ச்சண்டை போடாமல் நாலு பேராகச் சொல்லுங்கள். தேதியும் நேரமும் குறித்து வையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தரம் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். உப்புக்கரைசல் பொட்டலம் பையில் இருக்கட்டும். கடைகளில் ‘லபன்’ என்று விற்பது கிட்டத்தட்ட நம் மோர்தான். கூட வேலை செய்பவர் திடீரென்று உளறினாலோ, நடை தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது மயக்கம் அல்ல, உயிர்ப் பிரச்சினை. நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 999.

வெப்பம் உடம்பைப் பதம் பார்க்கும் என்றால், அந்த ஊர்ச் சட்டம் தெரியாவிட்டால் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். அம்மா குருமாவுக்கு அரைத்துக் கொடுத்த மசாலாவில் கசகசா இருக்கிறதா என்று கேளுங்கள். அது அபினிச் செடியின் விதை. வளைகுடா நாடுகள் பலவற்றில் தடைசெய்யப்பட்டது. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை இரண்டும் கட்டுப்பாட்டில் உள்ளவை. ‘அங்கே ஒருத்தர் வந்து வாங்கிக்குவார்’ என்று யார் பார்சல் கொடுத்தாலும் தொடாதீர்கள், மாமன் மச்சானாக இருந்தாலும்.

ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் தண்டனைக்குரியவை. கேம்ப்புக்குள்ளோ மறைவான இடத்திலோ குடிக்கலாம்; குடிக்காமல் வெயிலில் நிற்கக் கூடாது. அந்த மாதத்தில் வேலை நேரம் வாரத்துக்கு 48-லிருந்து 36 மணியாகக் குறைகிறது. எந்த மதத்தவருக்கும் இது பொருந்தும். அனுமதியின்றி அடுத்தவரைப் படமெடுப்பதும் அங்கே குற்றம்.

இனி காகித விஷயம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாகத்தான் போக வேண்டும். அதனுடன் கட்டாயக் காப்பீடும் வருகிறது: இரண்டு வருடத்துக்குப் பிரீமியம் 275 ரூபாய், விபத்தில் உயிர் போனாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம். விசிட் விசாவில் அனுப்பும் ஏஜென்ட் இந்த இரண்டையும் உங்களிடமிருந்து பறிக்கிறார். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு வரி. லட்சக்கணக்கில் கேட்டால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள். சென்னையில் உள்ள கத்தார் விசா மையத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் நிதானமாகப் படியுங்கள், அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாக. 2021 மார்ச்சிலிருந்து அடிப்படைச் சம்பளம் 1,000 ரியாலுக்குக் குறையக் கூடாது. கம்பெனி தங்குமிடம் தராவிட்டால் 500, சாப்பாடு தராவிட்டால் 300 ரியால் சேர்த்துத் தர வேண்டும்.

பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பது குற்றம். 25,000 ரியால் வரை அபராதம். ஆனால் பாதுகாப்புக்காக வைத்துக்கொள்ளும்படி தொழிலாளியே எழுதிக் கொடுத்தால் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. வந்து இறங்கிய களைப்பில், அரபியில் நீட்டப்படும் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். போட்டிருந்தாலும், கேட்டதும் திருப்பித் தர வேண்டும்.

வேலை பிடிக்காவிட்டால் கேம்பை விட்டு ஓடாதீர்கள். ஓடினால் ‘தலைமறைவு’ என்று புகார் போய்விடும், வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். 2020 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு பழைய முதலாளியின் தடையில்லாச் சான்று இல்லாமலே வேலை மாறலாம். சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் என்றால் ஒரு மாதம், அதற்கு மேல் என்றால் இரண்டு மாதம் முன்னறிவிப்பு கொடுத்தால் போதும். சம்பளம் வரவில்லை என்றால் தொழில் அமைச்சகத்தில் புகார். அங்கே சமரசம் ஆகாவிட்டால் தொழில் தகராறு தீர்வுக் குழு. 2018-லிருந்து இயங்கும் இந்தக் குழு, முதல் விசாரணையிலிருந்து மூன்று வாரத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். நடைமுறையில் இழுக்கும்தான். இருந்தாலும் தேதியோடு எழுதிய நோட்டும் வங்கிக் கணக்கு விவரமும் கையில் இருப்பவருக்கு அங்கே பேச்சு எடுபடும். தோஹா இந்தியத் தூதரகத்தின் நல நிதியிலிருந்து சட்ட உதவியும், கதியற்றவர் ஊர் திரும்ப டிக்கெட்டும் கேட்கலாம்.

கிளம்பும் முன் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுத்து வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ தளத்தில் உங்களுக்காகப் புகார் பதிய, ஊரில் இருக்கும் அவராலும் முடியும்.